'டிக்' என்றது, வெடிக்கவில்லை: போல்ட் ரைஃபிளில் அடி எங்கே தொலைகிறது?

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை மத்தியானம். சுடுதளத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த தம்பி விசையை இழுத்தார். 'டிக்'. அவ்வளவுதான். இருபது தோட்டாவில் அது மூன்றாவது 'டிக்'. ரைஃபிள் புதுசு. ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் நடு உடம்பு) ஓரிடம், பேரல் (குழல்) ஓரிடம், டிரிகர் (விசை) இன்னோரிடம், கட்டை வேறோரிடம் என்று வரவழைத்துச் சேர்த்துக் கட்டியது. உரிமம், காகிதம், காத்திருப்பு என்று ஒரு கல்யாணத்துக்கு அலைவதுபோல் அலைந்திருந்தார்.

"அண்ணே, ஸ்பிரிங் வீக். ஆர்மரர்கிட்ட ஸ்ட்ராங் ஸ்பிரிங் சொல்லிட்டேன்" என்றார். ஆர்மரர் என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்.

ஸ்பிரிங் இல்லை. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பற்றவில்லை என்றால் எல்லோர் கையும் முதலில் போவது ஸ்பிரிங்குக்குத்தான். நான் சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன். அங்கே படித்த பாடம் இங்கேயும் செல்லும்: ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி, இனி வெறும் 'பின்') கிளம்பும்போது ஒரு பலத்தோடு கிளம்புகிறது, பிரைமரை (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் பற்றும் சிறு மூடியை) தொடும்போது அது குறைந்திருக்கிறது. நடுவில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் குறைகிறது என்றால், முதலாளியிடம் கூடக் கேட்பதற்கு முன் சட்டைப்பையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லையா? அதே கதைதான்.

கீழே எழுதுவது .308 மாதிரியான நடுவில் பிரைமர் உள்ள தோட்டாக்களுக்கு. 22 காலிபர் ரிம்ஃபயர் ஆட்கள் பெரும்பாலானதை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கென்று தனியாகவும் ஒரு பகுதி இருக்கிறது. இன்னொன்று: நம் ஊரில் போல்ட்டை (கைப்பிடியால் திறந்து மூடும், பின்னைத் தாங்கும் உருளையை) கழற்றுவது, அரம் போடுவது எல்லாம் உரிமம் உள்ள ஆர்மரரின் வேலை. நம் வேலை, அவரிடம் போகும்போது "பற்றலை" என்று மொட்டையாகச் சொல்லாமல், என்ன பார்த்தோம் என்று சொல்வது. நல்ல வைத்தியரிடம் போகும் நோயாளியும் அப்படித்தானே?

முதலில், அந்த முப்பது விநாடி

தேசிய சேவை செய்தவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ராணுவத்தில் எம்16 ஆகட்டும், சார்21 ஆகட்டும், சுடவில்லை என்றால் ஐஏ டிரில், அதாவது உடனடியாகச் சரிசெய்யும் பயிற்சி. கை தானாகவே ஓடும். யோசிக்கவே கூடாது என்றுதான் பழக்குவார்கள். போர்க்களத்துக்கு அது சரி. சுடுதளத்தில் அதுதான் தப்பு. 'டிக்' கேட்டதும் போல்ட்டைத் தொடாதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். கையை உயர்த்தி ரேஞ்ச் ஆபீசருக்குக் காட்டுங்கள். முப்பது விநாடியாவது காத்திருங்கள். உங்கள் தளத்தின் விதி அதற்கு மேல் சொன்னால் அதன்படி. சில தோட்டாக்கள் தாமதமாகப் பற்றும். அந்தத் தாமதத்தின் நடுவில் போல்ட்டைத் திறந்தால், பூட்டாத அறையில் (பேரலில் தோட்டா உட்காரும் இடத்தில்) வெடிக்கும், அதுவும் உங்கள் முகத்துக்கு நேரே.

'டிக்' இல்லாமல் 'பொத்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு, உதையும் இல்லை என்றால் அது வேறு விஷயம். ரவை பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அன்றைக்குச் சுட்டது போதும். பேரலை ஆர்மரர் பார்க்காமல் அடுத்த தோட்டா போகக்கூடாது.

நேரம் கழிந்ததும், முகத்தை விலக்கிக்கொண்டு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுங்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வெடித்த உறையின் பிரைமரில் இருக்கும் குழி பொய் சொல்லும். உள்ளிருந்து வரும் அழுத்தம் அதைப் பின் நுனியைச் சுற்றி மறுபடி வடித்துவிடும். வெடிக்காத தோட்டாவின் குழி மட்டும்தான் அடி எப்படி விழுந்தது என்பதை அப்படியே காட்டும். ஒரு பூதக்கண்ணாடி வைத்து அங்கேயே பாருங்கள். படம் எடுக்க வேண்டுமானால் ரேஞ்ச் ஆபீசரிடம் கேளுங்கள். பிறகு அவரிடமே கொடுத்துவிடுங்கள். "வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம்" என்று பையில் போடுவது வேண்டவே வேண்டாம். முகாமில் சுட்டு முடித்ததும் "தோட்டாவோ வெற்று உறையோ என்னிடம் இல்லை" என்று பாக்கெட்டைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தோமே, அது வெறும் சடங்கு அல்ல.

நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனையாவது தோட்டா, பெட்டியின் லாட் எண் (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்), கடைசியாக ரைஃபிளில் எதைத் தொட்டீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நம் தம்பியும் விட்டிருந்தார்.

பிரைமரில் குழியே இல்லை

இது அபூர்வம், ஆனால் எளிது. பின் வந்து சேரவே இல்லை. பின் நுனி உடைந்திருக்கலாம், பின் துளையில் ஏதாவது அடைத்திருக்கலாம், கழற்றி மாட்டியபோது சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். போல்ட்டை மூடும்போதே பின்னால் இருக்கும் காக்கிங் பீஸ் (பின்னின் வால் பகுதி, டிரிகர் பிடித்துவைக்கும் துண்டு) கூடவே முன்னால் போய்விடுகிறதா? அப்படியென்றால் டிரிகர் அதைப் பிடிக்கவில்லை. விசையை ரொம்ப மெலிதாக வைக்கும் ஆசையில் திருகியவர்களுக்கு இது வரும். இதைப் பற்றாத கோளாறு என்று நினைக்காதீர்கள். இன்று பற்றாதது நாளைக்கு நீங்கள் விசையைத் தொடாமலே பற்றும். உடனே நிறுத்தி ஆர்மரரிடம் கொடுங்கள்.

குழி இருக்கிறது, ஆனால் ஆழமில்லை

பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதுதான் என்பது என் அனுபவம். பட்டறைக்காரனுக்குப் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பின் எவ்வளவு வெளியே நீள்கிறது என்பது ஒன்று. எவ்வளவு வேகத்தோடு வருகிறது என்பது இன்னொன்று. நீட்டத்தை ஆர்மரர் ஆழமானியை வைத்து ஒரு நிமிடத்தில் அளந்துவிடுவார். போல்ட் முகத்துக்கு வெளியே சுமார் 1.3 முதல் 1.6 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான ரைஃபிளுக்குப் போதும். அது சரியாக இருந்தும் குழி மேலோட்டமாக இருந்தால், குறைவது வேகம்.

வேகத்தைத் தின்னும் முதல் ஆள் எண்ணெய். நம் ஊர் ஈரத்தில் துரு பிடிக்கும் என்று பயந்து போல்ட் உடம்புக்குள் கெட்டியாக கிரீஸ் அப்பிவைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னும் ஸ்பிரிங்கும் அந்தக் குழம்புக்குள் நீந்திப் போக வேண்டியிருக்கிறது. போல்ட்டின் உள்ளே சுத்தமாகத் துடைத்து, விரல் பட்டால் பட்டும் படாமலும் தெரிகிற அளவு மெல்லிய எண்ணெய் போதும். கிரீஸ் வேண்டிய இடம் பூட்டுக் காதுகளின் (போல்ட்டைப் பூட்டும் புடைப்புகளின்) பின்பக்கமும், காக்கிங் பீஸைப் பின்னுக்குத் தள்ளும் காக்கிங் சரிவும்தான். குளிரூட்டிய கிடங்கிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் இரும்பின் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோர்க்கும், ஐஸ் மைலோ டம்ளர் மாதிரி. பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள். அந்த நேரத்தில் ஒரு தே ஓ குடிக்கலாம்.

இரண்டாவது ஆள் உரசல். காக்கிங் பீஸ் நேராக முன்னால் ஓட வேண்டும். பின்னால் இருக்கும் மூடியின் பக்கவாட்டிலோ, போல்ட்டின் காக்கிங் சரிவிலோ தேய்த்துக்கொண்டு ஓடினால் பலம் அங்கேயே போய்விடும். கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், ஒரு மார்க்கர் பேனா போதும். காக்கிங் பீஸின் பக்கங்களில் மை பூசி, ஆர்மரர் முன்னிலையில் போலித் தோட்டாவை வைத்துப் பத்துத் தடவை விசையை இழுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது.

அதே சமயத்தில் போல்ட் கைப்பிடியைப் பாருங்கள். 'டிக்' என்கிற அந்தக் கணத்தில் கைப்பிடி லேசாகத் துள்ளுகிறதா? துள்ளினால் காக்கிங் பீஸ் சரிவில் இடித்துப் போல்ட்டைத் திருப்புகிறது. பிரைமருக்குப் போக வேண்டிய அடியில் ஒரு பங்கு கைப்பிடியை ஆட்டப் போய்விட்டது.

மூன்றாவது, பின் ஓடும் தூரம். இன்றைக்குக் கட்டித் தரும் ரைஃபிள்களில் பெரும்பகுதி, 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் அமைப்பைப் பின்பற்றியவை. டிரிகர்களும் அந்த அளவுக்கே செய்து விற்கப்படுகின்றன. ஆனால் ஒருவர் செய்த ஆக்‌ஷனும் இன்னொருவர் செய்த டிரிகரும் சந்திக்கும்போது, காக்கிங் பீஸ் நிற்கும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பின் ஓட வேண்டியது 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிகர் அதை 1 மி.மீ. முன்னாலேயே பிடித்து நிறுத்தினால் ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு. பலமும் கிட்டத்தட்ட அதே கணக்கில் போகும். போல்ட்டைத் தூக்கும்போது இல்லாமல், கீழே அழுத்தி மூடும்போது கடைசியில் ஒரு கனம் தெரிகிறது என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். தீர்வு டிரிகரிலோ காக்கிங் பீஸிலோ இருக்கும். பொறுமையுள்ள ஆர்மரர் வேண்டும்.

நான்காவதாகத்தான் ஸ்பிரிங். 700 வகையில் 24 முதல் 28 பவுண்டு, அதாவது சுமார் 11 முதல் 13 கிலோ விசையுள்ள ஸ்பிரிங்குகள் வழக்கம். பல வருடம் உழைத்த ஸ்பிரிங் தளரும், நீளம் குறையும். புதுசோடு பக்கத்தில் வைத்தாலே தெரியும். அப்படியானால் மாற்றுங்கள், தவறில்லை. ஆனால் புது ரைஃபிளில் புது ஸ்பிரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். கனமான ஸ்பிரிங் போட்டால் போல்ட் தூக்கும்போது தோள் நகரும், 'டிக்' என்னும்போது ரைஃபிளே அதிரும். அதற்கு மேல், உண்மையான உரசல் அடியில் மறைந்திருந்து போட்டி நாளில் தலைகாட்டும்.

ஐந்தாவது, இதை எந்தப் பட்டியலிலும் நான் அதிகம் பார்த்ததில்லை: கட்டை. போல்ட் கைப்பிடி படுக்கும் பள்ளம் போதிய ஆழம் இல்லாவிட்டால் கைப்பிடி கட்டையில் முட்டி நின்றுவிடும். போல்ட் மூடியது போலத்தான் தெரியும், ஆனால் கடைசி இம்மி மூடவில்லை. பின் முன்னால் ஓடும் வழியில், மிச்சம் இருக்கும் அந்த மூடுகிற வேலையையும் செய்துவிட்டுப் போகிறது. சோதிப்பது சுலபம். போல்ட்டை மூடிவிட்டுக் கைப்பிடிக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை ஓட்டிப் பாருங்கள். தாராளமாக ஓட வேண்டும்.

தம்பியிடம் "கடைசியாக எதைத் தொட்டாய்?" என்று மூன்றாவது தடவை கேட்டபோதுதான், "கட்டை ஸ்க்ரூ ரெண்டையும் போன வாரம் டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினோம், அது ஒண்ணும் இல்லண்ணே" என்றார். அதற்கு முன் நூறு தோட்டா சுட்டு ஒன்று கூட ஏமாற்றவில்லை. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கைப்பிடிக்குக் கீழே நீட்டினேன். நுழையவே இல்லை. ஸ்க்ரூ இறுகியதும் ஆக்‌ஷன் கட்டைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கி, கைப்பிடி போய் முட்டியிருக்கிறது.

முதல் அடியில் பற்றவில்லை, இரண்டாவது அடியில் பற்றியது

குழி நன்றாக விழுந்திருக்கிறது, ரேஞ்ச் ஆபீசர் அனுமதியோடு அதே தோட்டாவை மறுபடி அடித்தால் வெடிக்கிறது. இதைப் பார்த்ததும் பலர் "அடி பத்தலை" என்பார்கள். அடி போதும். அடித்த பொருள் நகர்ந்துவிட்டது. தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுத் தரையில் அடித்தால் ஒரே அடியில் சிதறும். அதே கையால், அதே வேகத்தில், மெத்தை மேல் அடித்துப் பாருங்கள்.

மெத்தை இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, பிரைமர் அதன் குழிக்குள் அடிவரை உட்காராதது. முதல் அடி அதை உட்கார வைக்கிறது, இரண்டாவது அடி பற்றவைக்கிறது. பெட்டித் தோட்டாவில் இது குறைவு; தானே தோட்டா நிரப்பும் ஆஸ்திரேலிய நண்பர்களுக்குத்தான் அதிகம் வரும். பிரைமர் உறையின் அடிப்பரப்பைவிட ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினாலே மேடா பள்ளமா என்று தெரியும்.

இன்னொன்று ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா அறைக்குள் முன்னும் பின்னும் ஆட இருக்கும் இடம். பேரலைப் புதிதாகப் பொருத்திய ரைஃபிளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அளவு பார்க்க அறையில் வைக்கும் உலோகத் துண்டுதான் கேஜ். .308க்கு 'கோ' கேஜ் 41.40 மி.மீ., 'நோ கோ' 41.50 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் ஒரு அச்சுத் தாளின் தடிமன்தான். 'கோ' வைத்தால் போல்ட் மூட வேண்டும், 'நோ கோ' வைத்தால் மூடக்கூடாது. மூடிவிட்டால், பற்றாததைவிடப் பெரிய கவலை அது. உறை பின்பக்கம் கிழியக்கூடும். பற்றுவதைப் பொறுத்தவரை கணக்கு இப்படி: பின் 1.4 மி.மீ. நீள்கிறது, தோட்டா 0.3 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது என்றால் பிரைமருக்குக் கிடைப்பது 1.1தான்.

குழி நல்ல ஆழம், நட்டநடுவில், ஆனாலும் பற்றவில்லை

ரைஃபிளை விடுங்கள், தோட்டாவைப் பாருங்கள். அதே லாட்டிலிருந்து ஐந்து தோட்டாவை நன்றாகச் சுடும் இன்னொரு ரைஃபிளில் சுட்டுப் பாருங்கள். அங்கேயும் ஏமாற்றினால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள், கதை முடிந்தது.

அங்கே எல்லாம் வெடித்தால் கதை முடியவில்லை. பிரைமர்களில் இளகியதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. சுடுபவர்கள் நடுவில் ஃபெடரல் இளகியது, சிசிஐ கெட்டி என்று பேர். ராணுவ 7.62 தோட்டாவின் பிரைமர் வேண்டுமென்றே கெட்டியாகச் செய்யப்படுகிறது. தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியில் பின் லேசாகத் தட்டினாலும் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக. பெட்டியை மாற்றியதும் சரியாகிவிட்டது என்றால், உங்கள் ரைஃபிளின் அடி வரம்பிலேயே நிற்கிறது என்று அர்த்தம். முந்தின பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

குழி ஓரமாக விழுகிறது

கொஞ்சம் விலகினால் பரவாயில்லை. பின் நுனியின் அகலத்தில் பாதிக்கு மேல் விலகினால் பார்க்க வேண்டும். தோட்டாவை ஏற்றுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் பன்னிரண்டு மணி நிலையில் ஒரு கோடு போடுங்கள். ஐந்து தோட்டா அப்படிச் சுடுங்கள். குழி எப்போதும் கோட்டிலிருந்து ஒரே பக்கம் விலகினால் குறை ரைஃபிளில்: போல்ட் தளர்வாக இருந்து டிரிகர் அதன் பின்பக்கத்தை மேலே தூக்கலாம், அல்லது பின் துளையே நடுவில் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் என்றால் தோட்டா அறைக்குள் ஆடுகிறது.

பிரைமர் ஓட்டையாகி, அதற்கப்புறம் பற்றுவதில் தகராறு

பின் துளை பெரிதாக இருந்தால் பிரைமரின் நடுவிலிருந்து ஒரு சின்ன வட்டத் தகடு வெட்டுப்பட்டு துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஃபயரிங் பின் முழுதாக வெளியே வர முடியாது. போல்ட்டைக் கழற்றித் தட்டினால் ஒன்றிரண்டு தகடு விழும். துளைக்குப் புதுசாக ஒரு புஷ் (உள்வளையம்) போட்டு, பின் நுனியையும் அதற்கேற்ப மெலிதாக்குவதுதான் நிரந்தர வைத்தியம்.

எல்லாம் வெடிக்கிறது, ஆனால் இலக்கில் மேலும் கீழும் சிதறுகிறது

இதைப் பற்றும் கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை. மூச்சு, கன்னம் வைக்கும் இடம், காற்று என்று எல்லாவற்றையும் திட்டுவோம். பின்னின் அடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரியாக இருந்தால் பிரைமரும் ஒவ்வொரு மாதிரியாகப் பற்றும், ரவையின் வேகம் மாறும், தூர இலக்கில் அது மேலும் கீழுமாகத் தெரியும். வேகமானி இருந்தால் இருபது தோட்டாவின் வேகத்தைக் குறித்துப் பாருங்கள். இதுவரை சிதறாத லாட் இப்போது சிதறினால், மார்க்கர் சோதனையைச் செய்ய ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

22 சுடுபவர்களுக்கு

இங்கே பிரைமர் என்று தனியாக ஒன்று இல்லை. பற்றும் மருந்து உறையின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரப்பப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் மருந்து சேராமல் போனால் அந்த இடத்தில் எவ்வளவு அடித்தாலும் பற்றாது. அதனால் பற்றாத தோட்டாவை, நேரம் காத்திருந்து, அனுமதியோடு, பாதிச் சுற்றுத் திருப்பி வைத்து ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். வெடித்தால் தோட்டாவின் குறை. பெட்டிக்கு ஒன்று வந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

அடிக்கடி வந்தால் முதலில் அறையைச் சுத்தம் செய்யுங்கள். ரவையில் பூசிய மெழுகும் கரியும் அறையின் வாயில் ஒரு வளையமாகப் படியும். தோட்டா முழுதாக உட்காராது. முதல் அடி அதை உள்ளே தள்ளும். மறுபடியும் மெத்தைத் தேங்காய்தான். இதற்கு ஒரு பிரஷ்ஷும் ஐந்து நிமிடமும் போதும்.

வெறும் அறையில் விசையை இழுத்துப் பழகியவர்களா நீங்கள்? சில ரைஃபிள்களில் பின் நுனி அறையின் விளிம்பிலேயே போய் அடித்துக் குழி போட்டுவிடும். அந்த இடத்தில் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் பட்டடை இல்லாமல் போகும், அடி மெத்தென்று விழும். விளக்கடியில் அறை வாயைப் பார்த்தால் பின்னின் வடிவத்திலேயே ஒரு தழும்பு தெரியும். அதைச் சரிசெய்யத் தனிக் கருவி உண்டு, ஆர்மரர் செய்வார்.

தம்பியின் ரைஃபிளுக்கு வருகிறேன். ஆர்மரர் கட்டையின் பள்ளத்தில் அரை மி.மீ. சுரண்டி எடுத்தார். ஸ்க்ரூவை அதே அளவுக்கு மறுபடி இறுக்கினார். காகிதம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வேறு எதையும் தொட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. பழைய லாட்டிலிருந்தே அன்றைக்கு நாற்பது, அடுத்த வாரம் நாற்பது சுட்டார். ஒன்றும் ஏமாற்றவில்லை. மூன்றாம் வாரம் அவர் கேட்டிருந்த ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. உறை பிரிக்காமல் ஆர்மரர் மேசையில்தான் இன்னமும் கிடக்கிறது.